லீக்கை விட்டு யூனியனுக்கு: போகலாமா, எந்த வழியாகப் போகலாம்?

2003 ரக்பி யூனியன் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் சிட்னியில் நடந்தது. கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போன அந்த ஆட்டத்தில் டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) விழுந்தது இரண்டே முறை. முதலாவதை ஆஸ்திரேலியாவின் லோட்டே டுகிரி அடித்தார், இரண்டாவதை இங்கிலாந்தின் ஜேசன் ராபின்சன். இரண்டு பேருமே சில ஆண்டுகளுக்கு முன்புவரை, வேறு விதிகள் கொண்ட ரக்பி லீக் என்ற இன்னொரு வகை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஆஸ்திரேலியாவின் இன்னொரு விங் வெண்டல் செய்லரும், ஃபுல்பேக் மேட் ராஜர்ஸும்கூட லீக்கிலிருந்து வந்தவர்கள்தான்.

அதைப் பார்த்த பலர், நல்ல லீக் வீரரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைத்தார்கள். 2015இல் சாம் பர்ஜஸ் என்ற லீக் வீரர் விஷயத்தில் இங்கிலாந்து அந்தக் கணக்கைத்தான் போட்டது. அது எப்படி முடிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது 24, 25 வயதில், லீக் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும் ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். தேசிய அணியின் சட்டையை மனதில் வைத்து, சொந்த நாட்டின் யூனியன் வாரியத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம். அல்லது முதலில் பிரான்ஸுக்கோ ஜப்பானுக்கோ போய், அங்கே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, அப்புறம் யோசிக்கலாம். 'அவரால் பழகிக்கொள்ள முடியுமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவரை எந்த இடத்தில் ஆட வைப்பார்கள், எத்தனை மாதம் பொறுத்திருப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளை அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு ஆட்டத்தையும் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. இலங்கையில் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது யூனியன்: பதினைந்து பேர், ஸ்க்ரம் (இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்துக்கொண்டு தள்ளுவது), லைன்அவுட் (ஓரக்கோட்டிலிருந்து எறியும் பந்துக்குத் தாவுவது), ஒருவரைக் கீழே சாய்த்ததும் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளு. லீக்கில் பதின்மூன்று பேர்தான். லைன்அவுட் கிடையாது. ஸ்க்ரம் பெயருக்கு உண்டு, யாரும் உயிரைக் கொடுத்துத் தள்ளுவதில்லை. ஒரு அணிக்கு ஆறு டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்துச் சாய்ப்பது) வரை பந்து. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். அதற்குள் தடுப்பு அணி பத்து மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும்.

டெஸ்ட் கிரிக்கெட்டுக்கும் டி20க்கும் உள்ள வித்தியாசம் போலத்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த ஒப்புமை ஏமாற்றும். டெஸ்டில் போட்ட யார்க்கர் டி20யிலும் யார்க்கர்தான். ரக்பியில் அப்படி இல்லை. லீக் வீரர் டேக்கிள் செய்த கையோடு எழுந்து வரிசைக்கு ஓடிப் பழகியவர். யூனியனில் அந்த நொடியில்தான் பந்துக்கான சண்டையே தொடங்குகிறது. யார் குனிந்து பந்தைப் பறிப்பது, யார் எதிராளியைத் தள்ளி அப்புறப்படுத்துவது, யார் விலகி நிற்பது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். தடுப்பு வரிசையும் பத்து மீட்டர் தள்ளி நிற்காது, மூக்குக்கு நேரே நிற்கும்.

1996 மே மாதம் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. லீக்கின் பெரிய அணியான விகனும் யூனியனின் பெரிய அணியான பாத்தும் இரண்டு ஆட்டம் ஆடின, ஒவ்வொன்றும் ஒரு விதிப்படி. மான்செஸ்டரில் லீக் விதியில் விகன் 82–6 என்று வென்றது. ட்விக்கன்ஹாமில் யூனியன் விதியில் பாத் 44–19. இரண்டு அணியும் தத்தம் ஆட்டத்தில் உச்சத்தில் இருந்தவை. விதி மாறியதும் முடிவு தலைகீழானது. ஆனாலும் யூனியன் விதியில்கூட விகன் 19 புள்ளி எடுத்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், இடைவெளி கண்டுபிடிப்பதும், ஒருவருக்கொருவர் எதிரே நிற்கும்போது ஏய்த்துவிட்டுப் போவதும் விதி மாறினாலும் கூடவே வரும்.

அந்த விகன் அணியின் விங்தான் ஜேசன் ராபின்சன். 1996 இலையுதிர் காலத்தில் சில மாதங்கள் பாத் அணிக்காக யூனியன் ஆடிப் பார்த்துவிட்டு, மறுபடி லீக்குக்கே திரும்பினார். இங்கிலாந்தின் லீக் தொடரான சூப்பர் லீக்கின் 1998 இறுதி ஆட்டத்தில் லீட்ஸுக்கு எதிராக விகன் 10–4 என்று வென்றபோது, விகனின் ஒரே டிரை அவருடையது. 2000 நவம்பரில்தான் சேல் என்ற யூனியன் அணிக்கு நிரந்தரமாக வந்தார். 2001 பிப்ரவரியில் இங்கிலாந்துக்காக அறிமுகம், ஜூன் மாதம் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணியான பிரிட்டிஷ் லயன்ஸோடு ஆஸ்திரேலியா. பிரிஸ்பேன் டெஸ்டில் மூன்றாவது நிமிடத்திலேயே ஆஸ்திரேலியாவின் கிறிஸ் லேத்தமை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடி டிரை அடித்தார். யூனியனுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இந்த எட்டு மாதக் கணக்கைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் ஆடியது விங்கில் என்பதை மறந்துவிடுகிறார்கள். விங்கும் ஃபுல்பேக்கும் மைதானத்தின் ஓரத்திலும் பின்னாலும் நிற்பவர்கள். உயரமாக வரும் பந்தைப் பிடிப்பது, எதிராளியை ஒற்றைக்கு ஒற்றை ஏய்ப்பது, கடைசி ஆளாகத் தடுப்பது ஆகிய மூன்றும் லீக்கிலும் அவர்கள் செய்த வேலைதான். புதிதாகக் கற்க வேண்டியவை உண்டு, உதைத்து இடம் பிடிக்கும் ஆட்டம் முக்கியமாக. ஆனால் அதைத் தவறும் திருத்தமுமாகக் கற்றுக்கொள்ளும்போது அணி மூழ்கிப் போகாது. 2003 இறுதி ஆட்டத்தில் டிரை அடித்த இருவரும் விங் என்பது தற்செயல் இல்லை.

சரி, பர்ஜஸ். 2014 அக்டோபர் 5. சவுத் சிட்னி அணிக்காக, ஆஸ்திரேலியாவின் லீக் தொடரான என்.ஆர்.எல். இறுதி ஆட்டம். முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்தது. முறிந்த எலும்போடு ஆட்டம் முழுக்க நின்றார். அணி 30–6 என்று வென்றது, ஆட்டநாயகன் பதக்கமும் அவருக்கே. அந்தக் கையோடு பாத் அணியில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். இங்கிலாந்து நடத்தும் உலகக் கோப்பைக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

லீக்கில் அவர் ஃபார்வர்டு. நடுமைதானத்தில் மோதி மோதி முன்னேறுகிற, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது டேக்கிள் செய்கிற வேலை. யூனியனில் இதற்கு நேரான இடம் என்று ஒன்று இல்லை. பாத் பயிற்சியாளர் மைக் ஃபோர்டு முதலில் அவரைச் சென்டரில் (பின்வரிசையின் நடு இடம்) வைத்துப் பார்த்தார், பிறகு ஃபார்வர்டுகளில் ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் ஃபிளாங்கர்தான் சரி என்று ஆறாம் எண் சட்டையைக் கொடுத்தார். இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஸ்டுவர்ட் லங்காஸ்டரின் எண்ணம் வேறு: இன்சைட் சென்டர், பன்னிரண்டாம் எண். வாராவாரம் கிளப்பில் ஓர் இடத்தில் ஆடிவிட்டு, நாட்டுக்காக வேறோர் இடத்தில் இறங்க வேண்டிய நிலை. அனுபவமுள்ள சென்டர் லூதர் பரலை விட்டுவிட்டு பர்ஜஸை உலகக் கோப்பைக்கு எடுத்ததில் வேறு சர்ச்சை.

இன்சைட் சென்டர் என்பது மோதுகிறவர் மட்டும் ஆடும் இடம் இல்லை. ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃபுக்குப் பக்கத்தில் நின்று, எதிர் வரிசை ஏறி வருகிறதா பின்வாங்குகிறதா என்று படித்து, பந்தைக் கொடுப்பதா, உதைப்பதா, எடுத்துக்கொண்டு மோதுவதா என்று முடிவெடுக்கும் இடம். தடுக்கும்போது உள்ளே நிற்பவரையும் வெளியே நிற்பவரையும் இணைத்து வைப்பதும் அவர் பொறுப்பு. சிறு வயது முதல் யூனியன் ஆடியவர்களுக்கே அது கைவரப் பல ஆண்டுகள் ஆகும். பர்ஜஸ் 2015 ஆகஸ்டில் பிரான்ஸுக்கு எதிராக அறிமுகமானார், செப்டம்பர் 26இல் வேல்ஸுக்கு எதிராகப் பன்னிரண்டாம் எண்ணில் இறங்கினார். இங்கிலாந்து 25–28 என்று தோற்றது. அடுத்து ஆஸ்திரேலியாவிடம் 13–33. போட்டியை நடத்தும் நாடு முதல் சுற்றோடு வெளியே.

பழி முழுவதும் பர்ஜஸ் தலையில் விழுந்தது. வேல்ஸ் ஆட்டத்தில் அவர் வெளியே வந்தபோது இங்கிலாந்துதான் முன்னிலையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் வேல்ஸ் அந்தச் சமன் டிரையை அடித்தது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நவம்பர் தொடக்கத்தில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டு முடிந்த நிலையில், அவர் சவுத் சிட்னிக்கே திரும்பிவிட்டார். இங்கிலாந்துக்காக ஆடியது ஐந்து டெஸ்ட். நான் குறை சொல்வதென்றால் இரண்டு பயிற்சியாளர்களும் உட்கார்ந்து ஒரு இடத்தை முடிவு செய்யாமல் விட்டதைத்தான் சொல்வேன். அந்த இங்கிலாந்துப் பயிற்சிக் குழுவில் ஆண்டி ஃபேரலும் இருந்தார் என்பது இன்னும் விசித்திரம். விகன் கேப்டனாக இருந்து 2005இல் சாரசென்ஸ் என்ற யூனியன் அணிக்கு மாறிய ஃபேரல், காயங்களால் மாதக்கணக்கில் வெளியே இருந்து, ஃபிளாங்கரா சென்டரா என்ற அதே குழப்பத்தைத் தாண்டி, எட்டு டெஸ்டோடு முடித்தவர். பயிற்சியாளராக அவர் அடைந்த உயரம் வேறு கதை.

இனி மூன்றாவது வழி. பர்ஜஸுடையது போன்ற மாற்றத்தையே செய்து வென்றவர் ஒருவர் உண்டு: சன்னி பில் வில்லியம்ஸ். அவரும் லீக்கில் ஃபார்வர்டு, அவரும் யூனியனில் இன்சைட் சென்டர். 2008 ஜூலையில், சிட்னியின் லீக் அணியான புல்டாக்ஸுடன் இருந்த நீண்ட ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறி பிரான்ஸின் துலோன் அணிக்குப் போனார். சட்டப் போராட்டம், கடைசியில் சுமார் ஏழரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமரசம். போன விதத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் போன இடம் அருமையான தேர்வு. துலோன் அப்போதுதான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்திருந்தது. பயிற்சியாளர் தானா உமாகா, நியூசிலாந்தின் முன்னாள் கேப்டன், அவரே ஒரு சென்டர். ஊர்ப் பத்திரிகைகள் இல்லை, உலகக் கோப்பைக்கான நாள் எண்ணுதல் இல்லை. இரண்டு பருவம் ஒரே இடத்தில் ஆடித் தவறு செய்து கற்றார். 2010இல் துலோனின் பெரிய தொகையை வேண்டாம் என்று சொல்லி நியூசிலாந்து திரும்பினார், ஏனென்றால் உள்நாட்டு ஒப்பந்தம் இருந்தால்தான் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து தேசிய அணியின் சட்டை. அந்த நவம்பரில் ட்விக்கன்ஹாமில் அறிமுகம். 2011, 2015 இரண்டு உலகக் கோப்பையிலும் வென்ற அணியில் இருந்தார். நடுவில் 2013இல் லீக்குக்குத் திரும்பி சிட்னி ரூஸ்டர்ஸுடன் பட்டமும் வென்றார். பர்ஜஸுக்குக் கிடைத்தது பதினோரு மாதம், சன்னி பில்லுக்கு இரண்டு வருடத்துக்கும் மேல். என் கண்ணுக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் இதுதான்.

பிராட் தோர்னையும் இங்கே சேர்க்க வேண்டும். பிரிஸ்பேன் பிரான்கோஸில் பட்டங்கள் வென்றுவிட்டு 2001இல் நியூசிலாந்தின் யூனியன் அணியான க்ரூசேடர்ஸுக்கு வந்து லாக் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை) இடத்தில் ஆடினார். ஃபார்வர்டிலிருந்து ஃபார்வர்டுக்குப் போவது இன்னும் கடினம்: லைன்அவுட்டில் தாவ வேண்டும், ஸ்க்ரமில் உண்மையாகவே தள்ள வேண்டும். அந்த ஆண்டே ஆல் பிளாக்ஸுக்கு அழைப்பு வந்தது. இந்த ஆட்டத்தில் நீடிப்பேனா என்று தனக்கே உறுதியில்லை என்பதால் வேண்டாம் என்றார். 2003இல்தான் அந்தச் சட்டையைப் போட்டார், 2011 உலகக் கோப்பையையும் வென்றார். தேசிய அணியின் அழைப்பைத் தள்ளிப்போடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. அதற்குக் கிடைத்த பலன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

வெளிநாட்டு வழிக்கும் குறை உண்டு. நியூசிலாந்து வெளிநாட்டுக் கிளப் வீரர்களை எடுப்பதில்லை. ஆஸ்திரேலியா 2015இல் கொண்டுவந்த விதிவிலக்குகூட அப்போது 60 டெஸ்ட் ஆடியவர்களுக்குத்தான், புதிதாக மாறி வந்தவருக்கு அதில் பயன் இல்லை. ஆகவே துலோனோ டோக்கியோவோ பயிற்சிக் கூடமாக இருக்கலாம், அங்கிருந்து நேராக நாட்டு அணிக்குப் போவது கடினம். 23 வயதில் போனால் திரும்பிவர நேரம் இருக்கும். 28இல் போனால் பணத்துக்காகப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டே போவது நல்லது. அதில் தப்பும் இல்லை, ரக்பி வீரரின் உடம்பு சம்பாதிக்கும் காலம் குறைவு.

தேசிய வாரியத்தோடு நேரடி ஒப்பந்தம் போடுவதற்கு அண்மைய உதாரணம் ஜோசப் சுவாலீ. 2023 மார்ச்சில், இருபது வயது ஆகும் முன்பே, ரூஸ்டர்ஸ் அணியிலிருந்து ஆஸ்திரேலிய யூனியனுக்கு மாற ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 16 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 2024 நவம்பர் 9இல் ட்விக்கன்ஹாமில் நேராக டெஸ்ட் அணியில் இறங்கினார், பெரியவர்களுக்கான தொழில்முறை யூனியன் ஆட்டம் ஒன்றுகூட அதற்கு முன் ஆடாமல். ஆஸ்திரேலியா 42–37 என்று வென்றது, ஆட்டநாயகன் அவரே. கால அவகாசம் பற்றி நான் சொன்னதற்கு இது முரண் போலத் தெரியும். ஆனால் பள்ளியில் அவர் யூனியனில் தேர்ந்தவர். டிரை அடிக்கும் வேகமும் உயரத்தில் பந்து பிடிக்கும் கையும் ஏற்கெனவே இருந்தன. ஆட வைத்த இடம் பதிமூன்றாம் எண், அவுட்சைட் சென்டர். பந்தை முதலில் தொட்டு முடிவெடுக்கும் பொறுப்பு அங்கே குறைவு. அதோடு வாரியம் குறிவைத்தது 2027இல் தன் மண்ணில் நடக்கும் உலகக் கோப்பையை. மூன்று வருட அவகாசம் ஒப்பந்தத்திலேயே இருந்தது.

அதே வழியில் போய்ப் பாதியில் நின்றவர் ரோஜர் துய்வாசா-ஷெக். 2018இல் என்.ஆர்.எல். சிறந்த வீரர் விருது வாங்கிய ஃபுல்பேக், நியூசிலாந்தின் லீக் அணியான வாரியர்ஸின் கேப்டன். 2022இல் அங்குள்ள யூனியன் அணியான ப்ளூஸுக்கு மாறினார். அங்கே அவருக்குக் கிடைத்தது அந்தப் பழைய பன்னிரண்டாம் எண். மூன்று டெஸ்ட் ஆடினார், 2023 உலகக் கோப்பை அணியில் இடமில்லை, 2024இல் வாரியர்ஸுக்கே திரும்பினார். பின்னால் நின்று பந்தை வாங்கி ஓடியே பெயர் எடுத்தவரை நெரிசலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

லீக்கிலேயே இருந்துவிடுவதைப் பலர் கோழைத்தனம் போலப் பேசுகிறார்கள். எனக்கு அது புரிவதில்லை. குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையே நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் ஆட்டத்தின் தரத்துக்கு யூனியனில் ஆண்டுக்கு நாலைந்து டெஸ்ட்தான் தேறும். லீக்கில் இல்லாதது அகலம். யூனியனின் 2027 உலகக் கோப்பையில் 24 நாடுகள். லயன்ஸ் சுற்றுப்பயணம் ஒரு நாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும். அந்த மேடை வேண்டும் என்று மனம் சொன்னால் அதற்கு லீக்கில் மாற்று இல்லை.

திரும்பி வரும் கதவு பற்றி ஒரு வார்த்தை. 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போனதிலிருந்து, 1995 ஆகஸ்டில் யூனியன் தொழில்முறை ஆட்டமாகும் வரை, லீக்கில் காசு வாங்கியவருக்கு யூனியனில் ஆயுள் தடை. வேல்ஸ் கேப்டன் ஜொனாதன் டேவிஸ் 1989இல் விட்னெஸ் என்ற லீக் அணிக்குப் போனபோது திரும்பவே முடியாது என்று தெரிந்துதான் போனார். 1995இல் தடை நீங்கியதால்தான் மறுபடி கார்டிஃபுக்கு வந்தார். இன்று இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது: டுகிரி, ராஜர்ஸ், பர்ஜஸ், துய்வாசா-ஷெக் எல்லோரையும் லீக் திரும்ப ஏற்றுக்கொண்டது. புதிதாகப் பேசப்படும் ஆர்360 என்ற தனியார் யூனியன் தொடர் மட்டும் வேறு. அதில் கையெழுத்திடுபவர்களுக்குப் பத்தாண்டுத் தடை என்று 2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய லீக் நிர்வாகம் அறிவித்துவிட்டது. எவ்வளவு பணம் காட்டினாலும் இன்றைய நிலையில் அதை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

ஆகவே விங், ஃபுல்பேக் ஆடுபவர் 25 வயதுக்குள் இருந்தால், அதே இடத்தில் ஆட வைப்போம் என்ற உறுதியோடு வாரிய ஒப்பந்தம் வந்தால் போகட்டும். உலகக் கோப்பைக்கு இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். ஃபார்வர்டு ஆடுபவர் முதலில் வெளிநாட்டில் இரண்டு பருவம் ஆடட்டும், எந்தப் பயிற்சியாளரிடம் போகிறார் என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் பார்க்கட்டும். லீக்கின் ப்ராப்கள் (ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் கனமான ஃபார்வர்டுகள்) போகவே வேண்டாம். என்.ஆர்.எல்.லில் எட்டு முறை ஆள் மாற்றலாம், வெளியே வந்தவர் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கலாம். யூனியனில் மாற்றப்பட்டவர் பெரும்பாலும் திரும்ப வர முடியாது, ஸ்க்ரமோ முற்றிலும் வேறு தொழில்.

ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்களும் போகக் கூடாது என்பேன். பென்ஜி மார்ஷலை விடக் கற்பனை வளம் மிக்க ஹாஃப் அவர் காலத்தில் குறைவு. 2014இல் ப்ளூஸுக்கு மாறியவரை ஃபுல்பேக்கிலும் ஃப்ளை ஹாஃபிலும் வைத்துப் பார்த்தார்கள். சில வாரத்திலேயே இரு தரப்பும் கைவிட்டன, ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து. ஆறு டேக்கிளை எண்ணி ஆடும் மூளைக்கு, எண்ணிக்கையே இல்லாத ஆட்டத்தில் எப்போது உதைப்பது என்று தெரியவில்லை. அவர் அதே ஆண்டு லீக்குக்குத் திரும்பி எட்டுப் பருவம் ஆடினார். கடைசி ஆட்டம் 2021 என்.ஆர்.எல். இறுதி ஆட்டம், சவுத் சிட்னிக்காக.